குரோட்டன் பூசணி வெளிச்சம்: போய் வந்தவர்கள் சொல்வது

வெஸ்ட்செஸ்டரிலிருந்து

செப்டம்பர் பாதி தாண்டினாலே "குரோட்டன்ல நடக்கிற அந்தப் பூசணி ஷோ எப்படி இருக்கும், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?" என்று யாராவது கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பக்கத்து ஊர்க்காரி என்பதால் கேள்வி நேராக எனக்குத்தான் வரும். இந்த முறை விவரமாகவே எழுதிவிடுகிறேன். போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் கீழே சேருங்கள்.

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே குரோட்டன் ஊரில், குரோட்டன் ஆறு ஹட்சன் ஆற்றில் வந்து கலக்கும் இடத்தில் வான் கோர்ட்லாண்ட் மேனர் என்றொரு பழைய வீடு இருக்கிறது. அதன் தோட்டத்திலும் சுற்றுப் பாதைகளிலும்தான் 2005-லிருந்து வருஷா வருஷம் ஹாலோவீன் (அக்டோபர் 31-ல் பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் பண்டிகை) காலத்தில் இது நடக்கிறது. முழுப் பெயர் 'தி கிரேட் ஜாக் ஓ லான்டர்ன் பிளேஸ்'. ஊரில் 'பிளேஸ்' என்றாலே புரிந்துவிடும். 7,000-க்கும் அதிகமான பூசணிகள், எல்லாமே கையால் செதுக்கி உள்ளே விளக்கு வைத்தவை. நடத்துவது ஹிஸ்டாரிக் ஹட்சன் வேலி என்ற அமைப்பு. இந்த ஆற்றங்கரையில் உள்ள பழைய வீடுகள் சிலவற்றைப் பராமரித்து மக்களுக்குக் காட்டுகிறவர்கள் இவர்கள்தான். டிக்கெட் வருமானம் அந்த வேலைக்கே போகிறது.

முதலில் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். இது பேய் வீடு கிடையாது. இருட்டில் யாரும் மேலே பாய மாட்டார்கள், ரத்தம் பூசிய முகங்கள் இல்லை, அலறல் இல்லை. என் சின்ன மகள் கடைத்தெருவில் எலும்புக்கூடு பொம்மையைப் பார்த்தாலே என் பின்னால் ஒளிகிறவள். அங்கே என் கையை உதறிவிட்டு முன்னால் ஓடினாள். தலையில்லாத குதிரைவீரன் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினாள். அவன் கதை நடக்கிற ஸ்லீப்பி ஹாலோ ஊர் இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம்தான், அதனால் அந்தக் குதிரைவீரன் இல்லாமல் இந்தப் பக்கத்தில் ஹாலோவீனே கிடையாது.

பாதை இருட்டாக இருக்கும். வளைவு திரும்பியதும் சட்டென்று ஒரு மேடு முழுக்க ஆரஞ்சு வெளிச்சம். டைனோசர்கள் நிற்கும், பூசணிகளாலேயே கட்டிய சுதந்திர தேவி சிலை நிற்கும், பெரிய சிலந்தி வலை ஒன்று விரிந்திருக்கும். குனிந்து பார்க்கிற தனிப் பூசணிகளும் உண்டு, அண்ணாந்து பார்க்கிற கோபுரங்களும் உண்டு. கோளரங்கம் என்று ஒரு பகுதி இருக்கிறது. துளையிட்ட பூசணிகள் தலைக்கு மேல் நட்சத்திரக் கூட்டமாகத் தெரியும். அதற்குள் போனவர்கள் எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொள்வதைப் பார்த்தேன். பூசணியிலேயே ஓவியக் கண்காட்சியும் உண்டு, பிரபலமான ஓவியங்களைச் செதுக்கி வரிசையாக வைத்திருப்பார்கள். பாதை நெடுகிலும் இதற்கென்றே இசையமைத்த பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்.

என் ஒரே வேண்டுகோள், போனைக் கீழே இறக்கிவிட்டு ஏதாவது ஒரு பூசணிக்கு முன்னால் நின்று நிதானமாகப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் வெளிச்சக் கூட்டம்தான். பக்கத்தில் போனால்தான் கைவேலை தெரியும். ஒரு ஆந்தையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இருக்கும் இடத்தில் சதையோடு சேர்த்து முழுசாக வெட்டியிருந்தார்கள், அங்கே வெளிச்சம் பளீரென்று மஞ்சளாக வந்தது. மார்பு இறகுகளில் தோலை மட்டும் சீவி, சதையை ஒவ்வொரு வரிசைக்கும் ஒவ்வொரு கனத்தில் சுரண்டியிருந்தார்கள். மெல்லிய இடத்தில் வெளிர் மஞ்சள், கொஞ்சம் தடித்த இடத்தில் ஆரஞ்சு, அதற்கும் மேல் கருஞ்சிவப்பு. தோலை அப்படியே விட்ட இடம் கறுப்பு. வண்ணம் என்று எதுவுமே தீட்டவில்லை. உள்ளே ஒரே ஒரு விளக்கு, மீதி எல்லாம் உளியின் ஆழம். ஒரு இறகின் ஓரத்தில் உளி கொஞ்சம் வழுக்கிய கீறல்கூடத் தெரிந்தது. மெஷினில் செய்திருந்தால் அந்தக் கீறல் இருந்திருக்காது. எனக்கு அந்த ஆந்தை அதனாலேயே இன்னும் பிடித்துப்போனது.

எல்லாம் நிஜப் பூசணியா என்றால், இல்லை. நிஜமும் உண்டு, நுரைப்பொருளில் செய்த பூசணிகளும் உண்டு. உள்ளூர்க் கலைஞர்கள் சீசனுக்குப் பல மாதம் முன்பே செதுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நிஜப் பூசணியை வெட்டினால் சில நாளில் ஓரம் சுருங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். ரெண்டு மாசம் நடக்கிற நிகழ்ச்சியை அதை மட்டும் நம்பி நடத்த முடியாது. "ஏமாத்துறாங்க" என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நுரைப் பூசணியிலும் செதுக்குவது அதே கைதான்.

அப்புறம், வீடு. இதை எழுதவே இந்தப் பதிவை ஆரம்பித்தேன் என்று சொல்லலாம். கூட்டத்தில் பாதிப் பேர் அந்த வீட்டைப் பின்னணி மாதிரிதான் பார்க்கிறார்கள். மேலே வண்ண விளக்குகள் ஓடுவதால் கல் கட்டடம் என்பதே கண்ணில் படாது. வான் கோர்ட்லாண்ட் குடும்பத்துக்கு 1697-ல் ராஜ சாசனமாகக் கிடைத்த நிலம் ஏறக்குறைய 86,000 ஏக்கர். 1749-ல் இந்த வீட்டுக்குக் குடிவந்த பியர் வான் கோர்ட்லாண்ட், அமெரிக்கா விடுதலை அறிவித்த பிறகு நியூயார்க் மாநிலத்தின் முதல் துணை ஆளுநர் ஆனார். 1777-லிருந்து 1795 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1945 வரை வீடு அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருந்தது. 1953-ல் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் வாங்கி, பழைய நிலைக்குக் கொண்டுவந்து, 1959-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார். 1961-ல் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

அதனால் முடிந்தால் சாயங்காலத்தின் முதல் நேரத்துக்கு டிக்கெட் எடுங்கள். அந்தி வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருக்கும். கல்சுவரும், வீட்டைச் சுற்றி ஓடும் உயரமான தாழ்வாரமும், அதற்கு ஏறும் படிகளும் தெரியும். அங்கிருந்து பழைய படகுத்துறைச் சத்திரத்துக்கு நீளமாக ஒரு செங்கல் பாதை போகிறது. அந்தக் காலத்தில் அல்பானிக்குப் போகிற தபால் சாலையில் வந்தவர்கள் அங்கே இறங்கித்தான் ஆற்றைக் கடந்தார்கள். நாம் பூசணி பார்க்க நடக்கிற மண் அது.


நியூஜெர்சியிலிருந்து

அக்கா, நல்ல வேளை எழுதினீர்கள். நாங்கள் போன வருஷம் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அப்பாவோடு போனோம். வயதானவர்களோடு போகிறவர்களுக்காக நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டும், அதில் நேரம் போட்டிருக்கும். சனிக்கிழமையும் ஹாலோவீனை ஒட்டிய நாட்களும் விலை கூடுதல், சீக்கிரம் தீர்ந்தும் போகும். வேலை நாளில் போனால் நெரிசல் குறைவு. மழை தூறினாலும் நடத்துவார்கள், அதனால் ரெயின்கோட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரைக் காற்று அக்டோபரிலேயே எலும்பைத் துளைக்கும். அப்பாவுக்கு மங்கி குல்லா போட்டுத்தான் கூட்டிப்போனோம். பாதை சில இடங்களில் சரளைக்கல், சில இடங்களில் மேடு பள்ளம், எல்லாம் இருட்டு. அம்மாவின் கையை நான் கடைசிவரை விடவில்லை. கார் இல்லாதவர்கள் கிராண்ட் சென்ட்ரலில் மெட்ரோ-நார்த் ஹட்சன் லைன் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குரோட்டன்-ஹார்மன் வந்துவிடும். அங்கிருந்து டாக்சியில் கிட்டத்தில்தான். ரயிலில் போகும்போது ஆற்றுப்பக்க ஜன்னல் பிடியுங்கள்.

அம்மா என்ன சொல்வாரோ என்று யோசித்துக்கொண்டே போனேன். முதல் வரிசை முகங்களைப் பார்த்ததும், "நம்ம ஊர்ல புது வீட்டு வாசல்ல திருஷ்டிப் பூசணி கட்டுவோமே, அதேதாண்டா. இங்க உள்ள விளக்கு வச்சிருக்காங்க" என்றார். அதற்கப்புறம் எனக்கு விளக்கம் சொல்லவே வேலை வரவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் பல் சரியாக வந்திருக்கிறதா, மீசை இருக்கிறதா என்று அவரே பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார், "இவ்வளவு பூசணியோட உள்சதை எங்கே போகும்?" என்று. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், அவர் கவலை அவருக்கு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம் இன்னும் கேட்கிறார்.


கனெக்டிகட்டிலிருந்து

அங்கே போய்விட்டு வந்து வீட்டில் செதுக்கிப் பார்த்தேன். அக்கா சொன்ன அந்த ஆந்தை முறையைத்தான். முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு என் அனுபவம்.

கடையில் 'ஹவ்டன்' என்று கேளுங்கள், செதுக்குவதற்கென்றே பெரும்பாலும் விற்கிற ரகம் அது. தோல் உறுதி, காம்பு தடிப்பு, சதையில் ருசி கிடையாது. சாம்பாருக்கு ஆகாது, அதற்கு வேறு பூசணி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே மூடி வெட்டுவதற்குப் பதில் அடியில் வெட்டினால் நல்லது. காம்பு அப்படியே நிற்கும், விளக்கை வைத்து அதன்மேல் பூசணியைக் கவிழ்த்துவிடலாம். உள்ளே நாரையும் விதையையும் எடுத்த பிறகு, படம் வரப்போகிற பக்கத்துச் சுவரை உள்ளிருந்தே ஓர் அங்குலம் அளவுக்கு மெலிதாக்க வேண்டும். கரண்டியால் சுரண்டிச் சுரண்டி மணிக்கட்டு வலிக்கும். ஆனால் அந்தக் கனத்தைச் சரியாகக் கொண்டுவராவிட்டால் வெளியே எவ்வளவு அழகாகச் சீவினாலும் வெளிச்சம் வராது. சீவும்போது அறையை இருட்டாக்கி, உள்ளே சின்ன எல்இடி விளக்கைப் போட்டுக்கொண்டே சீவுங்கள். ஒவ்வொரு கீற்றுக்கும் நிறம் மாறுவது கண்ணெதிரே தெரியும். என் மகன் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, ஒளியையே செதுக்குற மாதிரி இருக்கு" என்றான்.

வெட்டிய ஓரத்தில் வாசலின் தடவினால் காய்வது தள்ளிப்போகும். எப்படியும் ஒரு வாரம்தான். அணில்கள் அதற்கு முன்பே வந்துவிடும்.

நியூஜெர்சி நண்பரின் அப்பாவுக்கு: அங்கே என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் ஹாலோவீன் முடிந்ததும் பூசணிகளை உரக்குழிக்கு எடுத்துக்கொள்கிறார்கள், சில பண்ணைகள் ஆடு, பன்றிகளுக்கு வாங்கிக்கொள்கின்றன. எங்கள் வீட்டு விதையை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்தோம், அன்றைக்கே தீர்ந்தது.


மீண்டும் வெஸ்ட்செஸ்டரிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. தனிச் செய்தியில் ஒரு தங்கை கேட்டிருந்தார், "அவ்வளவு பெரிய நிலத்தில் யார் வேலை செய்தார்கள்?" என்று. இதைப் பொதுவிலேயே சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அடிமைகளாக வைக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் அந்த வீட்டில் வேலை செய்தார்கள். அடிமை முறை அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் மட்டும்தான் இருந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நியூயார்க்கில் அது முழுசாக ஒழிந்தது 1827-ல்தான். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பெரிய அடுப்பங்கரை ஒன்று, திறந்த கணப்போடு, இன்றைக்கும் இருக்கிறது. துணை ஆளுநரின் விருந்தாளிகள் மேலே சாப்பிட்டார்கள் என்றால், கீழே அந்தத் தீயின் முன்னால் நின்று வெந்தவர்கள் வேறு ஆட்கள். பூசணி வெளிச்சத்தில் இந்தக் கதை வராது. ஹாலோவீன் இரவில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் ஹிஸ்டாரிக் ஹட்சன் வேலி அமைப்பு இதை மறைக்கவில்லை. வடக்கு மாநிலங்களில் இருந்த அடிமை முறையைப் பற்றி இணையத்தில் ஒரு பெரிய ஆவணப்படமே செய்திருக்கிறார்கள். ஸ்லீப்பி ஹாலோவில் அவர்களே பராமரிக்கும் பிலிப்ஸ்பர்க் மேனர் என்ற இன்னொரு பழைய வீட்டில், 1750-ல் எடுத்த சொத்துக் கணக்கில் பண்டம் பாத்திரத்தோடு சேர்த்து எழுதப்பட்ட 23 அடிமைகளைப் பற்றித்தான் முக்கியமாகப் பேசுகிறார்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் அங்கே ஒரு நாள் பகலில் கூட்டிப்போங்கள், மாவு மில்லும் இருக்கிறது. கோடையில் போவது வசதி. திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இதையும் பூசணி ஷோவையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். பிலிப்ஸ்பர்க் பார்த்துவிட்டு வந்த அன்று என் பெரியவளுக்குக் கேட்க நிறைய இருந்தது, காரில் வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தோம்.

இந்த வருஷம் போகிறவர்கள் அந்த ஆந்தை இருந்தால் ஒரு படம் போடுங்கள்.