புதுப்பிப்பு: எங்கள் பூங்காச் சறுக்குமரம் கழற்றியாகிவிட்டது

மெல்பர்னில் எங்கள் தெருமுனைப் பூங்காவின் விளையாட்டுச் சாதனங்களை மாற்றப் போகிறார்கள், பழையது குப்பைமேட்டுக்குத்தானா என்று முன்பு கேட்டிருந்தேன். இல்லை. ரோட்டரி தன்னார்வலர்கள் வந்து கழற்றி எடுத்துப்போனார்கள். ஆஸ்திரேலியாவில் ஓய்வுபெறும் பூங்காச் சாதனங்களை வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு அனுப்பவே ரோட்டரியில் ஒரு திட்டம் இருக்கிறது. இலங்கைக்கும் போகிறது என்று பின்னூட்டத்தில் ஒருவர் சொன்னது சரிதான்.

கூட நின்று கொஞ்சம் ஸ்பேனர் பிடித்தேன். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். பிரிக்கும் முன்பே எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதினார்கள். அங்கே பூட்டப்போகிறவர்களுக்கு அதுதான் வழிகாட்டி. துருப்பிடித்த போல்ட்டுகளை அறுக்க வேண்டியிருந்தது. தூண்கள்தான் பெரிய பாடு, அடியில் கான்கிரீட். தரைமட்டத்தில் அறுத்தால் மறுபடி ஊன்றுவதற்கு நீளம் போதாது, அதனால் தோண்டியே எடுத்தார்கள்.

எல்லாம் போகவில்லை. வெடிப்பு விட்ட பிளாஸ்டிக் தட்டுகளை ஒதுக்கிவிட்டார்கள். பழைய மரத்தூண்களையும்தான், உளுத்துப்போகாமலிருக்க ஆர்செனிக் என்ற நஞ்சு கலந்த மருந்து ஏற்றிய மரத்தை 2006 முதல் இங்கே புதிய விளையாட்டுச் சாதனங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. இங்கே ஆகாதது அங்கேயும் ஆகாதுதானே, இந்தக் கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது.

கன்டெய்னர் நிரம்பியதும்தான் கப்பலேறும். எந்த ஊர் என்று தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். அப்புறம், மெல்பர்ன்காரர்களே, உங்கள் பூங்காவிலும் மாற்று வேலை அறிவிப்பு ஒட்டியிருந்தால், ஒப்பந்தக்காரர் வருமுன், பழையதை ரோட்டரிக்குக் கொடுக்கலாமா என்று நகரசபையிடம் கேட்டுவிடுங்கள்.