பிளம்பர் கையில் போன்: வீட்டுக்குள் எடுக்கும் படங்களைப் பற்றி

கேள்வி

வணக்கம். நாங்கள் இந்த நாட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நான், கணவர், ஆறு வயது மகள். வாடகை வீடு. போன வாரம் சமையலறை சிங்குக்கு அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. ஏஜென்டுக்குச் சொன்னேன், மறுநாளே பிளம்பரை அனுப்பிவிட்டார்கள். வந்தவர் மரியாதையான ஆள், குறை சொல்ல மாட்டேன். ஷூவுக்கு மேல் உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே கால் வைத்தார்.

வந்ததும் போனை எடுத்து சிங்குக்கு அடியில் படம் எடுத்தார். சரி என்று இருந்தேன். அப்புறம் கொஞ்சம் பின்னால் நகர்ந்து சமையலறை முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று. மெயின் வால்வு எங்கே என்று தேடிக்கொண்டு ஹாலுக்குப் போனவர் அங்கேயும் இரண்டு எடுத்தார். மகள் அங்கேதான் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். படத்தில் விழுந்தாளா இல்லையா தெரியாது. கேட்க வாய் வரவில்லை. இரவு முழுக்க அதே நினைப்பு. கணவர், “இங்கே எல்லாரும் எடுப்பார்கள், விடு” என்கிறார்.

இது வழக்கமா? கேட்கலாமா? கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

பதில்

சகோதரி, வழக்கம்தான். கேட்கலாம். தப்பாக நினைக்க மாட்டார்கள். அவசரத்துக்கு இவ்வளவு போதும், மீதியைச் சாவகாசமாகப் படியுங்கள்.

முதலில் அவர் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் வேலைக்கு வருகிறவர் படம் எடுக்காமல் போனால்தான் ஆச்சரியம். கசிவைக் காட்டினால்தான் ஏஜென்ட் பில்லுக்குப் பணம் கொடுப்பார். பாய்லர், ஹீட்டர் என்றால் மாடல் எண்ணும் சீரியல் நம்பரும் உள்ள தகட்டைப் படமெடுத்து அனுப்பினால்தான் சரியான பாகம் வந்து சேரும். “நீ வந்து போன பிறகுதான் ஓடு உடைந்தது” என்று யாராவது கிளப்பினால், வேலைக்கு முன்னால் எடுத்த படம்தான் அவருக்குச் சாட்சி. அது நமக்கும் சாட்சி. நான் ஒரு வீட்டைக் காலி செய்தபோது தரையில் இருந்த கீறலைக் காட்டி அட்வான்ஸில் கை வைக்கப் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஹீட்டர் பார்க்க வந்தவர் எடுத்த படத்தில் அதே கீறல், தேதியோடு இருந்தது. கேட்டதும் அனுப்பினார், தப்பித்தேன். அதனால் போனைக் கண்டதும் பதற வேண்டாம்.

இன்னொரு அனுபவமும் உண்டு. சொந்த வீட்டுக்கு மாறிய புதிதில் குளியலறைக்கு ஓடு மாற்றினோம். அருமையான வேலை. ஆறு மாதம் கழித்து அவர் நம்பரைத் தேடப் போனால், அவருடைய இன்ஸ்டாகிராமில் எங்கள் குளியலறை! நாங்கள் இருக்கும் தெருவின் பெயரோடு. அதுகூடப் பரவாயில்லை. வாஷ்பேசினுக்கு மேலே உள்ள கண்ணாடியில் எதிர்க் கதவு தெரிகிறது, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த மகனின் பள்ளிச் சட்டை தெரிகிறது, பெரிதாக்கிப் பார்த்தால் பள்ளி முத்திரையைப் படிக்க முடிகிறது. தெருவும் பள்ளியும் ஒரே படத்தில். போன் செய்தேன். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டு, மன்னிப்பும் கேட்டார். அவர் அந்தச் சட்டையைக் கவனிக்கவே இல்லை, ஓடுகளும் அவற்றுக்கு நடுவில் உள்ள கோடும் நேராக வந்திருக்கின்றனவா என்றுதான் பார்த்திருக்கிறார். எனக்கோ அந்தப் படத்தில் ஓடு கண்ணில் படவே இல்லை.

இந்த விஷயத்தில் கெட்ட எண்ணம் உள்ளவர்கள் குறைவு என்றுதான் நான் நினைக்கிறேன். கவனிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். அதனால் கவனிக்கிற வேலை நம் தலையில்.

என்ன செய்கிறேன் என்றால், யாராவது வருகிறார்கள் என்றால் அரை மணி நேரம் முன்னால் அவர் நிற்கப்போகிற இடத்தில் நானே நின்று என் போனில் ஒரு படம் எடுப்பேன். பிறகு அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பேன். செய்து பாருங்கள், திக்கென்று இருக்கும். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டிய விசாக் கடிதம். எந்தத் தேதியில் வீட்டில் இருக்க மாட்டோம் என்று வட்டம் போட்ட காலண்டர். ரூட்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வைஃபை பாஸ்வேர்டு. மருந்துப் புட்டியில் அச்சடித்த பெயர். புதிதாக வந்தவர்கள் வீட்டில் இந்தக் காகிதத் தொல்லை இன்னும் அதிகம், எல்லா அலுவலகக் கடிதமும் மேஜை மேல்தான் கிடக்கும். ஒரு பெட்டியில் அள்ளிப் போட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள்.

சாவியை ஆணியில் மாட்டி வைக்கிறவர்கள் அதையும் எடுத்துவிடுங்கள். மிகையாகத் தோன்றும். 2008இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து ஆராய்ச்சியாளர்கள், சாவியின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதன் பல் வெட்டுகளைக் கணக்கிட்டு மாற்றுச் சாவி செய்ய முடியும் என்று காட்டினார்கள். சுமார் 200 அடி தூரத்தில், கூரை மேலிருந்து எடுத்த படத்திலேயே முடிந்தது. பிளம்பர் இதையெல்லாம் செய்யப்போவதில்லை. ஆனால் இணையத்தில் ஏறிய படத்தை யார் யார் பார்ப்பார்கள் என்று அவருக்கே தெரியாது.

அடுத்து, படம் எங்கே போய் உட்காருகிறது என்பது. பெரிய நிறுவனத்து ஆட்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் ஆப் வழியாக எடுப்பார்கள், படம் வேலை எண்ணோடு அலுவலகத்துக்குப் போகும். தனி ஆளாக வருகிறவர் சொந்தப் போனில் எடுப்பார். அது அவருடைய பிள்ளைகள் படம், பிறந்தநாள் படம் எல்லாவற்றோடும் கிளவுடில் ஏறி வருடக்கணக்காகக் கிடக்கும். போன் கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படக்கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் கூடவே போகும்.

ஒருவருக்குச் சரி என்று சொன்னது மூன்றாம் கைக்குப் போவதற்கு நல்ல உதாரணம் 2022இல் வெளிவந்த ஒரு செய்தி. வீடு பெருக்கும் ரோபோவின் சோதனை மாடல்களை வீட்டில் ஓடவிடச் சிலர் சம்மதித்திருந்தார்கள். அவை எடுத்த படங்கள், படத்தில் இருப்பது என்ன பொருள் என்று கணினிக்காகக் குறித்துக் கொடுக்கும் கூலி வேலைக்காரர்களிடம் வேறு நாட்டுக்குப் போய், அங்கிருந்து சமூக வலைத்தளத்தில் கசிந்தன. கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அதில் இருந்தது. சம்மதித்தவர்கள் இதற்கா சம்மதித்தார்கள்?

கேட்பது எப்படி? வாசலிலேயே, அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், சிரித்த முகத்தோடு: “படம் எடுப்பீர்களா? வேலை நடக்கிற இடம் மட்டும் போதும், ஆட்கள் வேண்டாம். விளம்பரத்துக்குப் போடாதீர்கள்.” இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள், புதிதாக வந்த நாம் எல்லாவற்றுக்கும் அதைச் செய்கிறோம். மொழி தடுமாறினால் எழுதிவைத்துப் படியுங்கள். மகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுவது இன்னும் சுலபம்.

வாடகை வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. பிளம்பருக்கு வாடிக்கையாளர் நீங்கள் இல்லை, ஏஜென்ட். படமும் ஏஜென்டுக்குத்தான் போகும். ஆகவே பிளம்பரைத் துரத்த வேண்டாம், ஏஜென்டுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: எத்தனை படம் வந்தது, அதில் என் குழந்தை இருக்கிறாளா, இருந்தால் அழித்துவிட்டுச் சொல்லுங்கள், பிளம்பரின் போனிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். போனில் பேசுவதைவிட எழுத்தில் இருப்பது நல்லது.

சட்டம் ஊருக்கு ஊர் மாறும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் என்ற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம். பிரிட்டன் பிரிந்த பிறகும் கிட்டத்தட்ட அதையே வைத்திருக்கிறது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அழிக்கவும் கேட்கலாம், ஆனால் வழக்குக்குத் தேவைப்படுவது போன்றவற்றை அவர்கள் வைத்துக்கொள்ள முடியும். ஜெர்மனியில் வீட்டுக்குள் இருப்பவரை அனுமதியில்லாமல் படமெடுத்து அந்தரங்கத்தைக் குலைத்தால் அது குற்றவியல் சட்டத்தின் 201ஏ பிரிவு வரைக்கும் போகும். ஆஸ்திரேலியாவின் 1988ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டம், ஆண்டு வரவு 30 லட்சம் டாலரைத் தாண்டாத பெரும்பாலான சிறு தொழில்களைத் தொடுவதில்லை. ஆகவே தனி ஆள் பிளம்பர் அநேகமாக அதற்கு வெளியே. ஆனால் 2025 ஜூன் 10 முதல் அந்தரங்கத்தில் கடுமையாக அத்துமீறியவர் மேல் நேராக வழக்குப் போட அங்கே வழி வந்திருக்கிறது. நியூசிலாந்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் சின்ன நிறுவனங்களையும் விடுவதில்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் ஊர் எது என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். சட்டம் வரைக்கும் போகிற விஷயம் இல்லை இது.

இன்னொரு பதில்

அக்கா, நான் எலக்ட்ரீஷியன். வெளிநாட்டில் ஒன்பது வருடமாக இதே தொழில். அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன்: படத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சுவருக்குள் வயரோ குழாயோ போட்டு மூடுவதற்கு முன்னால் நாங்கள் எடுக்கும் படம் உங்களுக்குப் பொன். நாளைக்கு அலமாரி மாட்ட டிரில் போடும்போது எங்கே ஓட்டை போடக் கூடாது என்று அது ஒன்றுதான் சொல்லும். “எல்லாப் படத்தையும் எனக்கும் அனுப்பிவிடுங்கள்” என்று கேட்டால் எங்களுக்கு அது சாதாரணக் கோரிக்கை. உங்களுக்கோ, என்னென்ன எடுத்தோம் என்பது சண்டை சச்சரவு இல்லாமல் தெரிந்துவிடும்.

நாங்கள் ஏன் தள்ளி நின்று முழு அறையையும் எடுக்கிறோம் தெரியுமா? கிட்டத்தில் எடுத்த சிங்க் படம் எந்த வீட்டுச் சிங்க் என்று அலுவலகத்துக்குத் தெரியாது. அதற்காக ஒன்று. அதை எடுக்கும்போது “நகருங்கள்” என்று சொல்ல எங்களில் பாதிப் பேருக்குக் கூச்சம். நீங்களே சொன்னால் எங்களுக்கும் நிம்மதி. மேஜை மேல் இருக்கும் பொருளை நாங்கள் தொட மாட்டோம், ஒரு துணியைப் போர்த்திவிடுங்கள், போதும்.

எரிச்சல் வருவது எப்போது என்றால், மூன்று மணி நேர வேலை முடிந்து, ரிப்போர்ட்டும் அனுப்பிய பிறகு, எல்லாவற்றையும் அழி என்று சொல்லும்போது. முதலிலேயே சொன்னால் ஒரு பிரச்சினையும் இல்லை.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். சில வீடுகளில் ஹால் மூலையில் கேமரா ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் மண்டியிட்டு வேலை செய்வது, வியர்வை துடைப்பது, வீட்டுக்குப் போன் பேசுவது எல்லாம் அதில் பதிவாகும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அது எங்களுக்கும் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம்தான்.

கேட்டவர்

அண்ணா, தம்பி, இருவருக்கும் நன்றி. ஏஜென்டுக்கு எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. மொத்தம் ஆறு படம், எல்லாவற்றையும் இணைத்தே அனுப்பிவிட்டார்கள். ஒன்றில் மகளின் முழங்கையும் பாதி வரைந்த ஒரு யானையும் இருந்தது, முகம் இல்லை. அதை எடுத்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறார்கள். பிளம்பரிடமும் சொல்லிவிட்டார்களாம், அவர் போனில் அழித்தாரா என்று நான் போய்ப் பார்க்க முடியாது. அதோடு விட்டுவிட்டேன். ஆனால் சமையலறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃப்ரிட்ஜில் எங்கள் மூன்று பேருடைய மருத்துவப் பதிவுக் கடிதம், பிறந்த தேதியோடு. பிளம்பரைப் பற்றி யோசித்த நேரத்தில் இதை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

அவர் வியாழக்கிழமை மறுபடி வந்தார். வாசலிலேயே சொன்னேன், குரல் கொஞ்சம் நடுங்கியது. “ஓ, சரி” என்றார், அவ்வளவுதான். வேலை முடிந்ததும் போனைத் திருப்பிக் காட்டினார், இரண்டே படம், இரண்டும் குழாய். ஹாலில் எதற்கு எடுத்தீர்கள் என்றும் கேட்டுவிட்டேன். சுவரில் இருந்த ஒரு பெட்டிக்குள் வால்வு இருக்குமோ என்று சந்தேகமாம், படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிக் கேட்டிருக்கிறார். அது இன்டர்நெட் பெட்டி. வால்வு வெளியே படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது.