டிரைரன்னில் நடுக்கோடு உண்டா, இல்லையா?

பனியன்சர்வர் (திருப்பூர்), இரவு 8:40

போன வாரம் வேறொரு திரியில் கருப்புத்திரை எழுதியது இது: "கன்சோலில் கிளிக் செய்து சர்வர் பார்ப்பவன் எல்லாம் கிளவுட் ஆள் இல்லை. டெர்மினல் வராதவன் பனியன் கம்பெனியில் பில் போடப் போகலாம்." நான் பனியன் கம்பெனியில்தான் இருக்கிறேன். பில்லும் போடுகிறேன், அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் பதினோரு சர்வரும் பார்க்கிறேன். ஆறு வருடமாகக் கன்சோலில்தான், அதாவது ப்ரவுசரில் கிளிக் செய்யும் பக்கத்தில். ஒன்றும் கெட்டுப்போனதில்லை.

கெட்டது ஒரே ஒரு தடவை. இந்த மாதிரி ஆட்கள் பேச்சைக் கேட்டு கமாண்ட் எழுதி அடிக்கும் டெர்மினலைத் திறந்த அன்றைக்கு. சாம்பிள் போட்டோ எல்லாம் எஸ்3 பக்கெட்டில், அதாவது அமேசானின் ஃபைல் கிடங்கில், கிடக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரோடு அதை சிங்க் பண்ண (ஒன்று போல ஆக்க) வேண்டும், ஃபோல்டரில் இல்லாத பழையதைக் கழிக்க டிலீட் ஃபிளாக் (கமாண்டோடு சேர்க்கும் சொல்) வேறு. எதற்கும் இருக்கட்டும் என்று, எதையும் செய்யாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் டிரை-ரன் ஃபிளாக்கைக் கடைசியில் போட்டேன். 'அன்நோன் ஆப்ஷன்ஸ்' என்று திட்டியது. மதியம் மூன்று மணி. மெர்ச்சண்டைசர் தலைமாட்டில் நிற்கிறார், பையர் லைனில் இருக்கிறார். சரி போ என்று அந்த ஒரு வார்த்தையை மட்டும் அழித்துவிட்டு என்டர் தட்டினேன். ஃபோல்டர் பெயர் போட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தேன், அதாவது நான் நிற்கிற ஃபோல்டர். நான் நின்றதோ காலி ஃபோல்டர். டிலீட், டிலீட், டிலீட் என்று திரை ஓடுகிறது. கன்ட்ரோல் சி அடிப்பதற்குள் இரண்டு சீசன் போட்டோ காலி.

கன்சோலில் இதே வேலைக்கு 'பெர்மனன்ட்லி டிலீட்' என்று நாமே எழுத்து எழுத்தாக அடித்தால்தான் பட்டன் திறக்கும். உங்கள் டெர்மினல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கருப்புத்திரை (சரவணம்பட்டி), 8:52

'அன்நோன் ஆப்ஷன்ஸ்' என்று அது உங்களைத் திட்டவில்லை, காப்பாற்றியது. எஸ்3 கமாண்டில் டிரைரன் ஒரே சொல். முன்னால் இரண்டு கோடு, அதோடு சரி. நடுவில் கோடு கிடையாது. நீங்கள் கோடு போட்டீர்கள், புரியவில்லை என்று அது நின்றது. ஒரு ஃபைலைக்கூடத் தொடவில்லை. அதற்கப்புறம் ஃபிளாக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு என்டர் தட்டியது டெர்மினலா, நீங்களா?

கோடில்லாமல் அடித்திருந்தால் எந்தெந்த ஃபைல் போகும் என்று ஒவ்வொரு வரிக்கும் முன்னால் டிரைரன் என்று எழுதி வரிசையாகக் காட்டியிருக்கும். நூறு வரி ஓடுவதைப் பார்த்த உடனே எந்தக் குழந்தைக்கும் புரியும்.

மஞ்சமண்டி (ஈரோடு), 8:58

கோடு உண்டுங்க. டிரை, கோடு, ரன். தினமும் அடிக்கிறேன்.

கருப்புத்திரை, 9:01

எஸ்3-யில் இல்லை.

மஞ்சமண்டி, 9:02

உண்டு. நேற்று மதியம்கூட அடித்தேன். வேலை செய்தது.

கருப்புத்திரை, 9:04

என்ன பதில் வந்தது?

மஞ்சமண்டி, 9:07

எர்ரர் என்று வந்தது. ஆனால் அது நல்ல எர்ரர்.

பனியன்சர்வர், 9:08

நல்ல எர்ரர்! இதற்குத்தான் நான் கன்சோலைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

மருதமலைத்தூறல் (கோவை), 9:15

இரண்டு பேரும் வேறு வேறு கமாண்டைப் பேசுகிறீர்கள். சர்வரை வாடகைக்குத் தரும் ஈசி2-வில் நடுக்கோடு உண்டு, எஸ்3-யில் இல்லை. ஈசி2-வில் அந்த ஃபிளாக் போட்டால் வேலையைச் செய்யாது. அனுமதி இருந்தால் 'ரிக்வெஸ்ட் வுட் ஹேவ் சக்சீடட்' (கேட்டது நடந்திருக்கும்) என்று எர்ரர் வடிவத்தில் சொல்லும், அனுமதி இல்லாவிட்டால் 'அன்ஆத்தரைஸ்ட்' என்று சொல்லும். மஞ்சமண்டி பார்த்தது அதுதான். எஸ்3-யில் வருவது ஃபைல் பட்டியல். பெயர் ஒன்று போல இருந்தாலும் வேலை வேறு.

பனியன்சர்வர், அழித்த ஃபைலின் பழைய பிரதியை வைத்திருக்கும் வெர்ஷனிங்கை உங்கள் பக்கெட்டில் போட்டிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் திரும்ப எடுத்திருக்கலாம். அதைப் பற்றி யாருமே பேசவில்லை.

மஞ்சமண்டி, 9:17

அம்மணி சொல்வதும் சரிதான், ஆனால் கோடு உண்டு.

கருப்புத்திரை, 9:19

நான் 8:52-க்கே 'எஸ்3 கமாண்டில்' என்றுதான் எழுதினேன். தூறல் இப்போது சொல்வது நான் சொன்னதேதான்.

மருதமலைத்தூறல், 9:21

ஈசி2 என்ற பெயரே உங்கள் பதிவில் இல்லை. மஞ்சமண்டி, என்னை அம்மணி என்று கூப்பிட வேண்டாம். பதினான்கு வருடம் இதே வேலையில் இருக்கிறேன்.

மஞ்சமண்டி, 9:24

ஏனுங்க, எங்கள் பக்கம் அது மரியாதைங்க. எங்கள் வீட்டில் நாலு வயசுக் குழந்தையையும் அம்மணி என்றுதான் கூப்பிடுவோம்.

மருதமலைத்தூறல், 9:25

நானும் அதைத்தான் சொல்கிறேன். எனக்கு நாலு வயசு இல்லை.

இளநி (பொள்ளாச்சி), 9:28

அண்ணா, ஒரு சந்தேகம். 2020 கடைசியில் ப்ரவுசருக்குள்ளேயே கிளவுட்ஷெல் என்று ஒன்று வந்ததே, கன்சோலுக்குள் திறக்கும் டெர்மினல். அது கன்சோல் கணக்கா, கமாண்ட் கணக்கா? எதைப் பற்றி விவாதிக்கிறோம் என்று முதலில் முடிவு செய்தால் நல்லது.

கருப்புத்திரை, 9:41

பனியன்சர்வருக்கு விளக்கமாகவே எழுதுகிறேன், இதற்கப்புறம் எழுத மாட்டேன். கன்சோல் உங்களை 'பெர்மனன்ட்லி டிலீட்' என்று அடிக்கச் சொல்கிறது என்று பெருமைப்படுகிறீர்கள். அங்கேயும் கையால்தானே அடிக்கிறீர்கள்? பழகிப்போனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பீர்கள். டெர்மினலில் அடித்தது ஹிஸ்டரியில் கிடக்கும். எந்தப் புள்ளியை எங்கே வைத்தேன் என்று மறுநாள் எடுத்துப் பார்க்கலாம். மூன்று வாரம் முன்னால் எந்தப் பெட்டியில் டிக் போட்டீர்கள் என்று கன்சோலில் காட்டுங்கள் பார்ப்போம்.

எங்கள் அப்பா சோமனூரில் தறி ஓட்டினார். இழை அறுந்தால் முடிச்சுப் போடுவார். தறியைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பனியன்சர்வர், 9:46

யார் என்ன செய்தார் என்று பதிவு செய்யும் கிளவுட்டிரெயிலில் 90 நாள் ஹிஸ்டரி இருக்கிறது, கன்சோலில் செய்ததும் அதில் வரும். அப்புறம், ஊடை அறுந்தால் தறி தானாக நிற்கும். உங்கள் டெர்மினல் நின்றதா?

கருப்புத்திரை, 9:47

நின்றதே! 'அன்நோன் ஆப்ஷன்ஸ்' என்று நின்றதே! ஏனென்றால் நடுவில் கோடு கிடையாது.

அந்த 90 நாள் ஹிஸ்டரியில் எஸ்3 ஃபைல் ஒவ்வொன்றாக அழிந்தது வராது. டேட்டா ஈவென்ட் என்று தனியாகக் காசு கட்டித் திறந்து வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தீர்களா?

மஞ்சமண்டி, 9:50

கோடு உண்டு.

பனியன்சர்வர், 9:58

அமேசான் ஆளே தப்பாக அடித்த கதை தெரியுமா? 2017 பிப்ரவரி 28. வர்ஜீனியாவில் எஸ்3 டீமில் ஒருவர் கொஞ்சம் சர்வரை எடுக்க ஒரு கமாண்ட் அடித்தார். உள்ளே கொடுத்த ஒரு விவரம் தப்பு. எடுக்க நினைத்ததைவிட நிறைய சர்வர் போய், எஸ்3 நாலு மணி நேரம் படுத்தது. அதை நம்பியிருந்த பாதி இணையமும் சேர்ந்து படுத்தது. சர்வீஸ் நன்றாக இருக்கிறதா என்று ஊருக்குச் சொல்லும் அவர்களுடைய ஸ்டேட்டஸ் பக்கத்தையே மாற்ற முடியவில்லை, அதுவும் எஸ்3-யை நம்பி இருந்தது. அவர்களுக்கே அப்படி என்றால் எனக்கு என்ன?

கருப்புத்திரை, 10:09

எழுத மாட்டேன் என்று சொன்னேன், ஆனால் பாதிக் கதையைச் சொல்லிவிட்டுப் போவதை விட முடியாது. அதற்கப்புறம் அவர்கள் என்ன செய்தார்கள்? கமாண்டை விட்டுவிட்டு மவுஸைக் கையில் எடுத்தார்களா? அந்தக் கருவி சர்வரை மெதுவாக எடுக்கும்படி மாற்றினார்கள். இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்தார்கள். டிரைரன் போடுவதும் அந்த மாதிரி ஒரு முன்னெச்சரிக்கைதான். ஒழுங்காக எழுதத் தெரிந்தால்.

மஞ்சமண்டி, 10:14

ஒழுங்கைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா? வர்ஜீனியாவில் இரண்டு மாதம் ஆளில்லாமல் ஓடிய சர்வர் யாருடையதுங்க? பில்லைப் பார்த்து இதே தளத்தில் அழுதது மறந்துவிட்டதா?

கருப்புத்திரை, 10:22

வரும் என்று தெரியும். இரண்டு வருடமாக அதையே தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள். புது லேப்டாப். டிஃபால்ட் ரீஜியன் (சர்வர் ஓடும் இடம்) வர்ஜீனியாவாக இருந்தது, நான் மும்பை என்று நினைத்தேன். தப்புதான். ஆனால் அதைக் கண்டுபிடித்தது எப்படி? எல்லா ரீஜியனையும் எடுத்து ஒரு லூப் போட்டு, ஒவ்வொன்றிலும் என்னென்ன ஓடுகிறது என்று கேட்டேன். ஒரே நிமிடம். ஈசி2 கன்சோலில் வலது மூலையில் ரீஜியனை ஒன்று ஒன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றாவது மாத பில்லும் வந்திருக்கும்.

பனியன்சர்வர், 10:24

கன்சோலில் ரீஜியன் பெயர் தலைக்கு மேலேயே எழுதியிருக்கும். முதலிலேயே பார்த்திருந்தால் லூப் எதற்கு?

மருதமலைத்தூறல், 10:27

வெர்ஷனிங் போட்டாயிற்றா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பனியன்சர்வர், 10:30

போட்டேன். அடுத்த நாளே. கன்சோலில் போய், கிளிக் செய்து.

கருப்புத்திரை, 10:33

பழைய வெர்ஷனுக்கும் சேர்த்து பில் ஏறும், பழையதைத் தானாகக் கழிக்கும் லைஃப்சைக்கிள் ரூல் வையுங்கள். அதற்கு ஒரு ஜேசன் ஃபைல் எழுதி ஒரே கமாண்டில்...

பனியன்சர்வர், 10:34

கன்சோலிலேயே இருக்கிறது. பில்லை நான் பார்த்துக்கொள்கிறேன். பனியன் கம்பெனியில் பில் போடுகிறவன்தானே நான்.

இளநி, 10:36

அண்ணா, கிளவுட்ஷெல்?

மஞ்சமண்டி, 10:41

இப்போது மறுபடியும் அடித்துப் பார்த்தேன். ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கிறேன். டிரை, கோடு, ரன். நல்ல எர்ரர் வந்திருக்கிறது, கண்ணிருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

கருப்புத்திரை, 10:43

அது சர்வரை அழிக்கும் டெர்மினேட்-இன்ஸ்டன்சஸ் கமாண்ட். ஈசி2.

மஞ்சமண்டி, 10:44

கோடு இருக்கிறதா, இல்லையா?

கருப்புத்திரை, 10:45

எஸ்3-யில் அடித்து ஸ்கிரீன்ஷாட் போடுங்கள்.

மஞ்சமண்டி, 10:52

இங்கே கரண்ட் போய்விட்டதுங்க. போனிலிருந்து எழுதுகிறேன். காலையில் போடுகிறேன்.

கருப்புத்திரை, 10:53

போனில் கமாண்ட் அடிக்க வராதா? டெர்மினல் ஆள் என்றீர்களே.