ஸ்கேன் ஆகிறது, ஆனாலும் பெட்டி திரும்பி வருகிறது

ஊறுகாய்க்காரர்: அம்பத்தூரில் சின்ன பாக்கிங் யூனிட். என் போனில் பார்கோடு டக்கென்று படிக்கிறது. வாங்குகிறவர் கிடங்கில் 'கிரேடு டி' என்று 40 பெட்டியைத் திருப்பிவிட்டார்கள். என்னதான் பார்க்கிறார்கள்?

லேபிள் தம்பி: அண்ணே, ஸ்கேனர் படிப்பது வேறு, வெரிஃபையர், அதாவது அச்சுத் தரத்தை அளக்கும் கருவி, மதிப்பெண் போடுவது வேறு. பார்கோடு அச்சுத் தரத்துக்கான ஐஎஸ்ஓ 15416 விதிப்படி 10 இடத்தில் குறுக்கே அளந்து சராசரி எடுப்பார்கள். கடைச்சரக்கில் போடும் 13 இலக்க பார்கோடான இஏஎன்-13க்கு 4க்கு 1.5, அதாவது சி கிரேடாவது வேண்டும். கோடுகளோடு நீளவாக்கில் வெள்ளைக் கீற்று இருக்கிறதா?

ஊறுகாய்க்காரர்: ஆமாம் தம்பி, தலைமுடி மாதிரி. எல்லா லேபிளிலும் ஒரே இடத்தில்.

லேபிள் தம்பி: அப்போ பிரிண்ட்ஹெட்தான், பிரிண்டரில் சூடான புள்ளிகளால் அச்சடிக்கும் பாகம். ஆஃப் செய்து ஆறவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். போகாவிட்டால் அந்தப் புள்ளி எரிந்துவிட்டது, ஹெட்டை மாற்ற வேண்டியதுதான்.

மசாலாக்காரர்: கோடு கறுப்புதானே? வெரிஃபையர் அளப்பது சிவப்பு ஒளியில்; சிவப்புக் கோடு அதன் கண்ணுக்கு வெள்ளை. மிளகாய்ப்பொடிக்குப் பொருத்தமாக இருக்குமென்று சிவப்புக் கோட்டில் 5,000 லேபிள் அடித்தேன். இன்னும் மூட்டையாகக் கிடக்கிறது.