மதியத்தில் நின்றுபோகும் அம்பாசடர்: சரிசெய்வதா, டிசையருக்கு மாறுவதா?

கானாடுகாத்தான்_கதிர்:
அவசர உதவி. ஐயா காலத்து அம்பாசடர். பிள்ளையார்பட்டி போகிற வழியில் குன்றக்குடி பக்கம் நின்றுவிட்டது. அரைமணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆனது. இப்போதெல்லாம் மதியம் எடுத்தாலே இப்படித்தான். அடுத்த மாதம் தங்கை கல்யாணம். அப்பத்தாவை ஏற்றிக்கொண்டு திருச்சி, மதுரை என்று அலைய வேண்டும். இதை விற்றுவிட்டுப் புது டிசையர் வாங்கச் சொல்கிறார்கள். எது நல்லது?

தேவகோட்டை_ராஜா:
பெட்ரோலா, டீசலா? எந்த வருட வண்டி?

பள்ளத்தூரான்:
பின்னாளில் வந்த இசுசு என்ஜினா, பழைய 1489 சிசி என்ஜினா? நிற்கும்போது இழுத்து இழுத்து நிற்கிறதா, சட்டென்றா?

புதுவயல்_மணி:
எல்லாம் 20 சதவீத எத்தனால் பெட்ரோலின் வேலை. பழைய ரப்பர் ஹோஸை அரித்துவிடும். முதலில் ஹோஸை மாற்றுங்கள்.

கார்புரேட்டர்_கருப்பையா:
மணி, ஹோஸ் போனால் காலையிலும்தான் தகராறு செய்யும். கதிர், இத்தனை வருடமாக இங்கே எழுதுகிறோம், தேடிப் படிக்காமல் மொட்டையாகக் கேட்டால் எப்படி? சரி, கேளுங்கள். நின்றவுடன் டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுப்பது) நடு ஒயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட கொறடால் என்ஜின் இரும்புக்கு அருகே பிடித்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யக் கூடாது. நீலமாகப் பளிச்சென்று பொறி வந்தால் கோளாறு பெட்ரோல் பக்கம். மஞ்சளாக, மெலிதாக வந்தால் பொறிக்கு மின்சாரம் தரும் காயில் அல்லது அதற்குத் துணையான கண்டென்சரில் கோளாறு.

பள்ளத்தூரான்:
எனக்கென்னவோ வேப்பர் லாக் என்றே படுகிறது. பம்ப் என்ஜினோடு ஒட்டி இருக்கிறது, வெயிலில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடும், அதுதான் வேப்பர் லாக். பம்பில் ஈரத்துணி சுற்றிப் பாருங்கள். டிசையரில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து அழுத்தத்தோடு பெட்ரோலைத் தள்ளுகிறது, அதனால் இந்தத் தொல்லை அனேகமாக இல்லை.

தேவகோட்டை_ராஜா:
இதற்குத்தான் அந்தக் காலத்துப் பிரீமியர் பத்மினி கார் வாங்கியிருக்க வேண்டும். 1089 சிசிதான், ஆனால் எடை குறைவு.

புதுவயல்_மணி:
பத்மினியில் பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?

தேவகோட்டை_ராஜா:
எங்கள் வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்தே மதுரை போயிருக்கிறோம். ஸ்டீயரிங் எவ்வளவு லேசு தெரியுமா!

காரைக்குடி_ஆச்சி:
பத்மினியை விடுங்கப்பா. கதிர், அம்பாசடர், டிசையர் இரண்டும் எங்கள் வீட்டில் உண்டு. முட்டிவலிக்காரருக்கு அம்பாசடர்தான். கதவு அகலம், சீட் நாற்காலி உயரம். கம்பியைப் பிடித்து நேராக எழுந்துவிடலாம். டிசையரில் குனிந்து இறங்கி உட்கார வேண்டும், எழும்போது ஒரு கை வேண்டும். ஆனால் திருச்சி நெடுஞ்சாலையில் நான் டிசையரைத்தான் எடுப்பேன். 2024-இல் வந்த மாடலில் ஆறு ஏர்பேக், சக்கரம் சறுக்காமல் பிரேக் பிடிக்கும் ஏபிஎஸ், ஏசி எல்லாம் உண்டு. மார்க் 4 போன்ற பழைய அம்பாசடரில் நான்கு சக்கரமும் பழைய வகை டிரம் பிரேக். லாரி திடீரென நின்றால் எது உயிரைக் காக்கும்? கல்யாண அலைச்சலுக்கு வாடகைக்காவது புது வண்டி எடுங்கள்.

கார்புரேட்டர்_கருப்பையா:
ஆச்சி சொல்வது நியாயம். ஆனால் கோளாறு தெரியாமல் விற்றால் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும். ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பித்ததா என்றும் சொல்லவில்லை. 15 வருடம் தாண்டினால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும்.

கானாடுகாத்தான்_கதிர்:
மார்க் 4, பெட்ரோல். பொறி மஞ்சளாகத்தான் வந்தது. காயில், கண்டென்சர் மாற்றியாச்சு. நேற்று உச்சி வெயிலில் தேவகோட்டை போய் வந்தேன், நிற்கவில்லை. திருச்சிக்கு வாடகை டிசையர் சொல்லியிருக்கிறேன். நன்றி ஆச்சி, கருப்பையா அண்ணே.

கார்புரேட்டர்_கருப்பையா:
டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளி பார்த்தீர்களா? ஆர்.சி. புதுப்பித்ததா?

தேவகோட்டை_ராஜா:
மணி, பத்மினி பற்றித் தனி இழை போட்டிருக்கிறேன், அங்கே வாருங்கள்.