வேலையை விடாமல் தாதியர் மேலே படிக்க என்ன வழி?

மஸ்கெலியா தாதி:
இங்கே சின்ன வைத்தியசாலை ஒன்றில் 11 வருடமாக இருக்கிறேன். போன மாதம் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் சீனி வருத்தக் கிளினிக்குக்கு வந்தார். செருப்பைக் கழற்றினால் பெருவிரலுக்குக் கீழே புண், உள்ளே முள். "வலிக்கவே இல்லை மிஸ்" என்றார். மாதாமாதம் இரத்தம் பார்த்த நாங்கள் அவருடைய பாதத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை. அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. பயிற்சிக்கு கொழும்பு போக லீவும் கிடைப்பதில்லை.

ஹட்டன் டொக்டர்:
தங்கச்சி, முதலில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் ஒன்று எடுங்கள். சீனி வருத்தத்தில் பாதம் மரத்துப்போயிருக்கிறதா என்று பார்க்கும் வெறும் நைலோன் இழைதான்; 10 கிராம் என்பது அது வளையும் அழுத்தம். அவர் கண்ணை மூடியிருக்க, இழை வளையும் வரை பாதத்தில் அழுத்திவிட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். காய்த்துப்போன தோலில் வைக்க வேண்டாம். மலை ஏறி இறங்கும் நம் சனத்துக்கு அது நிறைய. என் குடும்ப மருத்துவ டிப்ளோமாவில் எனக்கு அதிகம் உதவிய பாடம் இதுதான். உங்கள் டொக்டரிடம் சொல்லி, வாரம் அரை மணி நேரம் ஒரு நோயாளியைப் பற்றி எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள்.

நுவரெலியா தாதி:
திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் இருக்கிறது அக்கா, வேலையோடு படிக்கலாம். பாடம் ஆங்கிலத்தில். முதல் வருடம் அகராதியோடுதான் இருந்தேன், அப்புறம் பழகிவிட்டது.

மஸ்கெலியா தாதி:
சரி டொக்டர். வியாழன் கிளினிக்கில் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்கிறேன். தங்கச்சி, விண்ணப்பம் எப்போது கோருவார்கள்?