சீட்டுக் காசோட போனவ திரும்பக் கோயிலுக்கு வந்தா

வாவிக்கரை:
மட்டக்களப்புக் கத்தோலிக்கக் கோயில் ஒண்டு, தவக்கால ஞாயிறு. தான் பிடிச்ச சீட்டை இடையில நிப்பாட்டிப்போட்டு வெளிநாடு போனவ, வருசக்கணக்குக்குப் பிறகு வந்து கடைசி வாங்கில இருந்தா. பூசையில ஆளுக்காள் சமாதானம் சொல்ற நேரம் முன் வாங்கு அம்மா திரும்பினா, ஆளைக் கண்டா. கும்பிட எடுத்த கை பாதியில நிண்டு முந்தானையைச் சரிபண்ணப் போயிட்டு. நன்மைக்கு, நற்கருணை வாங்க, வந்தவ எழும்பவேயில்ல. அந்தக் கைதான் எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கு.

கல்முனை மெதடிஸ்த:
லூக்கா 19இல வரி அறவிடுற சகேயு கதையின்ட ஒழுங்கைப் பாருங்க. உன்ட வீட்டில இண்டைக்குத் தங்கவேணும் எண்டு இயேசு சொல்றது 5ஆம் வசனம். ஊர்ச்சனம் முறுமுறுக்கிறது 7. அநியாயமா எடுத்த காசை நாலு மடங்காத் திருப்பித் தாறன் எண்டு சகேயு வாய் திறக்கிறது 8இலதான். கணக்குத் தீரட்டும், மறுகா வாறன் எண்டு ஆண்டவர் சொல்லல்ல.
இன்னொண்டு. தானாக் குற்றத்தை ஒத்துக்கொள்றவன் முதலும், அதோட ஐஞ்சில ஒரு பங்கும் குடுக்கவேணும் எண்டுதான் லேவியராகமம் 6:5 கேக்குது. 100 ரூபாய்க்கு 120. நாலு மடங்கு எண்டது, ஆட்டைத் திருடி அறுத்தவனுக்கும் வித்தவனுக்கும் யாத்திராகமம் 22:1 போட்ட தண்டம். சகேயு தன்னைத் தானே அந்த வரிசையில நிப்பாட்டி 400 குடுக்க நிக்கான். அதை ஒருத்தரும் அவனிட்டக் கேக்கல்ல.

தாழங்குடா:
நல்லாத்தான் இருக்கு. தாலிக்கொடியை அடகு வச்சுச் சீட்டுக் கட்டின பிள்ளைக்கு ஆர் பதில் சொல்றது? கிருபை எண்டு சொல்லி அடுத்தவன்ட கடனை அழிக்க உங்களுக்கு ஆர் உரிமை தந்தது? நியாயம் தீர்க்காதே எண்டா கண்ணை மூடிக்கொண்டு இரு எண்டு அர்த்தமில்ல. மத்தேயு 7:5ஐயும் வாசியுங்க. முதல்ல உன்ட கண்ணில கிடக்கிற உத்திரத்தை எடு, பிறகு சகோதரன்ட துரும்பை எடுக்க வடிவாத் தெரியும் எண்டு இருக்கு. துரும்பை எடுக்கத்தான் வேணும்.

மறைக்கல்வி ஆசிரியர்:
ஒருத்தரும் கேக்கல்ல, எண்டாலும் எழுதுறன். முதல்ல கொப்பியை எடுத்துக் கணக்குப் பாருங்க. 20 பேர், மாசம் 5,000 எண்டு வைப்பம். 8 மாசத்தில நிண்டா ஆளுக்குக் கட்டினது 40,000, மொத்தம் 8 லட்சம். சீட்டு எடுத்த 8 பேருக்கும் ஆளுக்கு 1 லட்சம் போயிருந்தா அதுவும் 8 லட்சம். அப்ப எடுக்காத 12 பேரின்ட 4,80,000 ரூபாய் ஆரிட்ட? எடுத்த எட்டுப் பேரிட்டயும் ஆளுக்கு 60,000 படி கிடக்கு. எடுத்தவங்க கட்டாம விட்டுத்தான் கனக்கச் சீட்டு உடையுது. எடுத்தவங்களுக்குக் குடுக்காம தாய்ச்சி, சீட்டுப் பிடிச்சவ, காசை அமத்தியிருந்தா அது வேற, அந்தக் காசு முழுக்க அவவின்ட தலையில. ரெண்டில எது எண்டு தெரியாம முகத்தைத் திருப்பிறவங்க, தாங்க எத்தினையாம் சீட்டு எடுத்தது எண்டு ஒருக்கா யோசிக்கட்டும்.
பாவசங்கீர்த்தனத்துக்கு, குருவானவரிட்டப் பாவத்தைச் சொல்றதுக்கு, முதல் ஆன்ம சோதனை. கடைசியாச் செய்து எவ்வளவு காலம் எண்டு முதல்ல சொல்லவேணும். பெரிய பாவமெண்டா என்ன பாவம், எத்தினை தரம் எண்டும் சொல்லவேணும். 'எல்லாப் பாவமும் செய்தன் பாதர்' எண்டா சரிவராது. கனபேர் பிழைக்கிற இடம், புருசன்ட குடியையும் மச்சாள்ட வாயையும் அங்க இறக்கி வைக்கிறது. கூட்டுச் சேர்ந்தவன்ட பேரைக் குருவானவர் கேக்கக் கூடாது எண்டு திருச்சபைச் சட்டம் 979இல இருக்கு. கேட்டது வெளியில போகாது, அது 983. காசு முழுக்கக் கட்டி முடிச்சாத்தான் மன்னிப்பு எண்டும் இல்ல. குடுப்பன் எண்ட உறுதி உண்மையா இருக்கவேணும், ஏலுமான அளவு மாசாமாசம் குடுக்கத் தொடங்கவேணும். நன்மைக்கு எழும்பாம இருந்தவவுக்கு இந்த ஒழுங்கு தெரிஞ்சிருக்கு எண்டுதான் நான் நினைக்கன்.

வாவிக்கரை:
எட்டுப் பேர் கணக்கு என்ட மண்டையில ஏறவேயில்ல இவ்வளவு நாளும்.

ஆயித்தியமலை வழி:
தாழங்குடாக்காரருக்கு ஒரு சொல்லு. காசுக்கு மட்டுமில்ல, பேருக்கும் கடன் இருக்கு. ஒருத்தர்ட உண்மையான குறையை, தகுந்த காரணமில்லாம, தெரியாத ஆக்களுக்குச் சொல்றதும் பாவம் எண்டு கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2477இல இருக்கு. பொய் சொன்னாத்தான் பாவம் எண்டில்ல. கெடுத்த பேரை ஏலுமான அளவு திருப்பிக் குடுக்கவேணும் எண்டது 2487. எப்பிடிக் குடுக்கிறது? சொன்ன அதே ஆக்களிட்டப் போய், நான் சொன்னது தேவையில்லாத கதை எண்டு சொல்லவேணும். காசை விட இது கஷ்டம், ஏனெண்டா ஆர் ஆருக்குச் சொன்ன எண்டு கொப்பி இல்ல. மத்தேயு 18:15இல முதல் படி ரெண்டு பேரும் தனியக் கதைக்கிறது, அடுத்தது ஒண்டு ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போறது, சபை மூண்டாவது. ஒருத்தர்ட கதையை வாட்ஸ்அப் குழுவில போடுறது எத்தினையாம் படி எண்டு எனக்குத் தெரியா கா.

தாழங்குடா:
சரி, அதை ஒத்துக்கொள்றன். ஆனா காசு கட்டின ஆள் செத்துப் போயிருந்தா?

கல்முனை மெதடிஸ்த:
எண்ணாகமம் 5:7-8 அதுக்குத்தான். உரியவருக்கு, அவர் இல்லாட்டி உறவுக்காரருக்கு, அவங்களும் இல்லாட்டி ஆண்டவருக்கெண்டு ஆசாரியனிட்ட. இந்தக் காலத்தில பிள்ளைகளிட்டக் குடுங்க, ரெண்டு பேர் முன்னால, துண்டு ஒண்டு எழுதிக் கையெழுத்து வாங்கி.